பிரெஞ்சு அருவியில் ஓர் எண்ணெய்க் குளியல்

பிரான்சு தேசத்துக்குப் போய்ப் பதினோரு நாள் நான் குளிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம். தென்காசியில் வீடும் குற்றாலத்தில் லாட்ஜும் வைத்துக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் அருவியில் தலையைக் கொடுத்து வளர்ந்தவன் பதினோரு நாள் குளிக்காமல் இருந்தால் புத்தி ஒரு நிலையில் இருக்குமா?

போனது என் மச்சினன் சங்கரன் கூப்பிட்டதால். அவன் லியோன் நகரத்தில் சாயத் தொழில் படித்துக்கொண்டிருந்தான். பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, வெள்ளைக்காரி யாரையாவது கட்டிக்கொண்டு மறைக்கிறானா என்று பார்த்து வரும்படி என் மனைவி சொன்னாள். இவ்வளவோடு விட்டிருந்தால் நிம்மதியாகப் போய் வந்திருப்பேன். ஊர் முன்னேற்றக் கமிட்டியும் என் தலையில் ஒரு வேலையைக் கட்டியது.

அதற்கும் நானேதான் காரணம். சங்கரன் ஒரு காலண்டர் அனுப்பியிருந்தான். அதில் பிரான்சு தேசத்து அருவி ஒன்றின் படம். முன்னால் இரும்புக் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் தொப்பி வைத்த சீமான்களும் சீமாட்டிகளும் வரிசையாக நிற்கிறார்கள். பெருமைக்காக அதை எங்கள் கமிட்டித் தலைவரிடம் காட்டினேன். அரிசி மில் முதலாளியான அவர், ஐந்தாண்டுத் திட்டம் வந்ததிலிருந்து எதையாவது முன்னேற்றிவிட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தவர்.

"அருவின்னா இப்படில்லா இருக்கணும்வே!" என்றார் தலைவர். "கம்பி போட்டு, டிக்கெட்டு போட்டு, எவ்வளவு அமைதியா நின்னு பாக்காவ! ஒருத்தனாவது கோவணத்தோட நிக்கானா பாத்தீரா?"

படத்தைப் பார்த்த ஒரு வாரத்தில் தீர்மானம் தயாராகிவிட்டது. பெரிய அருவிக்கு முன்னால் கம்பி வேலி போடுவது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பதை அடியோடு நிறுத்துவது. குளித்தே தீருவேன் என்கிறவர்கள் கீழே ஓடையில் போய்க் குளிப்பது. பிரான்சில் இப்படித்தான் நடக்கிறது, நன்றாக நடக்கிறது என்று நான் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும், சீசனுக்கு முன்னால் நிறைவேற்றிவிடலாம் என்றார் தலைவர்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். சீசனில் என் லாட்ஜ் சுவர்களைப் பார்த்தால் தெரியும். எண்ணெய் முதுகோடு சாய்ந்து சாய்ந்து, ஆள் உயரத்துக்கு வரிசையாக மனிதர்கள் பதிந்திருப்பார்கள். வருஷா வருஷம் வெள்ளையடித்தாலும் தீபாவளிக்குள் மறுபடி சுவரிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. அவர்களில் முதல்வர் இசக்கிமுத்து. என் முதுகை இருபது வருஷமாக அறிந்தவர். நான் புறப்படுகிற அன்று தென்காசி ஸ்டேஷனுக்கு வந்து, மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க போற ஊர்லயும் அருவி இருக்காமே. இத வச்சுக்கிடுங்க. அங்கன தண்ணி எப்படியோ என்னமோ, எண்ணெய் தேய்க்காம எறங்கிராதீங்க."

அவருடைய பிழைப்பில் மண்ணைப் போடத்தான் போகிறேன் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கூசியது. முகத்தைப் பார்க்காமல் போத்தலை வாங்கிக்கொண்டேன்.

மார்சேய் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது இசக்கிமுத்துவின் எண்ணெய் வாசனைதான். போத்தல் கசிந்து இரண்டு வேட்டிகளை நனைத்திருந்தது. அதிகாரி முகர்ந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் முகர்ந்தார். மூன்றாவதாக வந்த வயதானவர் ஒரு சொட்டு எடுத்து விரல் முட்டியில் தேய்த்துப் பார்த்து, மடக்கி நீட்டி, தலையை ஆட்டினார். பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்கள். பிரான்சு சர்க்கார் அங்கீகரித்த எண்ணெய் என்று இசக்கிமுத்து தாராளமாக எழுதிப் போட்டுக்கொள்ளலாம்.

லியோனில் சங்கரன் ஒரு அம்மாள் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தான். மனைவியின் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த அறையில் அவன் ஒருவனே குனிந்துதான் நிற்க முடியும். மறுநாள் காலையில் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கிற இடம் எது என்று கேட்டேன். அவன் ஒரு பீங்கான் கூஜாவையும் ஒரு கிண்ணத்தையும் காட்டினான்.

"இதுல எப்படிலே குளிக்க?"

"முகம், கை, காலு தொடச்சுக்கிடணும் அத்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தெருமுனையில குளிக்கிற கடை இருக்கு. அங்க போகலாம்."

முடி வெட்டக் கடை இருக்கலாம், குளிக்கக் கடையா என்று நான் அந்தச் சனிக்கிழமை போக மறுத்துவிட்டேன். அன்றாடம் ஒரு வாளி வெந்நீர் மட்டும் வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்கச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கவலையோடு ஏதோ கேட்டாள். "உங்க அத்தானுக்கு என்ன வியாதி, டாக்டர் எதுக்குத் தினம் குளிக்கச் சொல்லியிருக்காருன்னு கேக்கா" என்றான் சங்கரன்.

குளிப்பு இல்லை, சரி, சாப்பாடாவது உண்டா என்றால் அதுவும் சைவனுக்குச் சோதனைதான். மாமிசம் வேண்டாம் என்றால் மீன் வந்தது. மீனும் வேண்டாம் என்றால் முட்டை வந்தது. முட்டையும் வேண்டாம் என்றதும் சமையல்காரரே வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் நம்மூரில் ஆட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு தட்டு நிறையப் பச்சை இலை வந்தது. ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ரொட்டியை முழ நீளத்துக்குச் சுட்டு, மூடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீதியில் போகிறார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குளிக்கிற அக்குள் என்று நினைவு வந்தால் அரை ரொட்டியோடு நிறுத்திவிடுவேன்.

அடுத்த நாலைந்து நாள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போனோம். அழகு என்றால் அழகு, பொய் சொல்லக் கூடாது. கல் வீடுகள், சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி, சர்ச் மணி, மேட்டு நிலமெல்லாம் குச்சி நட்ட திராட்சைக் கொடி. மாடுகள் சிவகிரிச் சந்தைக்கு வருகிற மாடுகளைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஆள் நடமாட்டம்தான் இல்லை. ஒரு பகல் முழுதும் நடந்தும் "எந்த ஊரு, யார் வீட்டுக்கு?" என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. எங்கள் பக்கம் ராயகிரி வழியாகப் போனால் தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று தலைமுறை விவரம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மட்டும் பேசினார். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மலை, அருவி, மழைச்சாரல், குரங்கு என்று சங்கரனை விட்டுச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவ்வளவும் இருக்கும்போது இவர் இங்கே எதற்கு வந்தார் என்று கேட்டாராம். கமிட்டி வேலையாக என்று சொல்லச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் காலண்டர் அருவிக்குப் புறப்பட்டோம். படத்துக்கு அடியில் ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தது. இங்கே அதை நான் எழுதப் போவதில்லை. பின்னால் நடந்ததற்கு அந்த ஊரை இழுப்பானேன்? ரயிலில் கூட்டம். எனக்கு முன்பெட்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சங்கரன் பெட்டியோடு பின்பெட்டிக்குப் போனான். நடுவில் ஒரு ஜங்ஷனில் ரயில்வே ஊழியர் ஒருவர் ஏதோ ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார். ஏதோ விற்கிறார் என்று நினைத்துக் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் சொன்னது வண்டியைப் பிரிக்கிறோம் என்பது.

வண்டி பிரிப்பது எங்கள் தென்காசி ஜங்ஷனிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் கார்டு, போர்ட்டர், முறுக்கு விற்கிறவர் எல்லாரும் சேர்ந்து "ஏலே, செங்கோட்டை போறவன்லாம் முன்னால ஏறு!" என்று தூங்குகிறவனையும் தட்டி எழுப்புவார்கள். இங்கே மரியாதையாக ஒரு தடவை சொல்லிவிட்டு வெட்டிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது சங்கரன் இருந்த பாதி வேறு தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பாஷை தெரிந்தவன் தப்பான ஊருக்கும், பாஷை தெரியாதவன் சரியான ஊருக்கும் போய்ச் சேர்ந்தோம்.

என்னிடம் இருந்தது ஒரு துணிப்பை. அதில் துண்டு, எண்ணெய் போத்தல், ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு. அருவிக்குப் போகிறோம் என்றால் எங்களுக்குக் கை தானாகத் துண்டை எடுத்துக்கொள்ளும். ஸ்டேஷனில் சீட்டைக் காட்டினேன், வழி காட்டினார்கள். எங்கள் மேலகரம் அளவுகூட இல்லாத ஊர். அருவிச் சத்தம் கேட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை.

வாசலில் ஒரு அம்மாள் டிக்கெட் கொடுத்தாள். அருவியைச் சும்மா பார்ப்பதற்கு உலகத்தில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆகவே இது குளிக்கிற டிக்கெட் என்று தெளிவாகப் புரிந்துகொண்டேன். உள்ளே போனால் காலண்டரில் கண்ட அதே கம்பி. அதை ஒட்டி ஐம்பது அறுபது பேர் வரிசையாக நின்றார்கள். சரி, கியூ என்று நானும் கடைசியில் போய் நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. கியூ நகரவில்லை. இன்னொன்றும் வினோதமாக இருந்தது: ஒருவர் தோளிலும் துண்டு இல்லை.

குளிர் காரணமாகத் தயங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கு முன்னால் நின்றவரிடம் நான் முதலில் போகட்டுமா என்று சைகையில் கேட்டேன். நன்றாகப் பார்க்க இடம் கேட்கிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தொப்பியைத் தூக்கிவிட்டு ஒதுங்கினார். அவருக்கு முன்னால் நின்றவரும் ஒதுங்கினார். இப்படி மனமுவந்து முன்னால் விடும் கியூவைக் குற்றாலத்தில் நான் கண்டதில்லை. வெள்ளைக்காரனின் பண்பாட்டை மனதாரப் பாராட்டினேன்.

மரத்துக்குப் பின்னால் போய் உடுப்பைக் கழற்றிப் பையில் வைத்தேன். துண்டை இடுப்பில் கட்டி, தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். முதுகுக்கு மட்டும் கை எட்டவில்லை. முடிந்தவரை முயன்றேன், தோள்பட்டையோடு நின்றுவிட்டது. இசக்கிமுத்து இருந்தால் இந்த நேரத்துக்கு என்னைக் குப்புறப் போட்டு முதுகில் தாளம் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அவரை ஒழிக்க யோசனை எழுத வந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

கம்பிக்கு அடியில் நுழைந்து இறங்கினேன். மேலே மலையில் பனி உருகி வருகிற தண்ணீர் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் வேறு ஊரில் இருந்தான். முதல் தண்ணீர் தலையில் விழுந்ததும் பண்பொழி மலை முருகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவருக்கே கேட்டிருக்கும். இரண்டாவது நிமிஷம் உடம்பு மரத்தது. மூன்றாவது நிமிஷம் சுகம் வந்தது. பதினோரு நாள் அழுக்கு, ரயில் கரி, கூஜா, கிண்ணம் எல்லாம் கழன்று போயிற்று. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, தண்ணீரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போது விசில் சத்தம் கேட்டது. கரையில் ஒரு போலீஸ்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். குற்றாலத்தில் போலீஸ் விசில் ஊதினால், குளித்தது போதும், அடுத்த ஆளுக்கு இடம் விடு என்று அர்த்தம். எங்கள் வழக்கப்படி ஒரு விரலைக் காட்டி, இன்னும் ஒரு நிமிஷம் என்றேன். அவர் இன்னும் பலமாக ஊதினார். நான் இன்னொரு விரலையும் காட்டினேன்.

கம்பியோரம் நின்றவர்கள் அருவியை மறந்துவிட்டார்கள். கேமராக்களெல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிட்டும் பலர் போகவில்லை. நான் கரையேறி நீல நிறத்தில் நடுங்கியபோது ஒரு சீமாட்டி கை தட்டினாள்.

போலீஸ்காரர் ஒரு கம்பளியைச் சுற்றி என்னை மேயரிடம் கூட்டிக்கொண்டு போனார். மேயர் ஒரு ஹோட்டல்காரர். அடுப்பருகே உட்கார வைத்து, சூடாகப் பால் கொடுத்து, எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தலைக்குப் பின்னால் இருந்த சாவிப் பலகையைப் பார்த்தேன். எந்த லாட்ஜுக்குள் போனாலும் என் கண் முதலில் போவது அங்கேதான். இருபது கொக்கி, பதினெட்டில் சாவி தொங்கியது. சீசனில் என் பலகையில் கொக்கி மட்டும்தான் இருக்கும்.

சாயங்கால வண்டியில் சங்கரன் ஓடிவந்தான். "அத்தான், ஒங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? இது பாக்குத அருவி அத்தான், குளிக்குத அருவி இல்ல!"

"குளிக்கக் கூடாதுன்னா அது என்ன அருவிலே?" என்றேன்.

அவன் மேயரிடம் மன்னிப்புக் கேட்டான். மேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைக் காட்டிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"ஒங்க ஊர்ல அருவிக்கு வாறவங்க எவ்வளவு நேரம் இருப்பாங்கன்னு கேக்காரு."

"நேரக் கணக்கா? நாள் கணக்குன்னு சொல்லு. மாசக் கணக்குல இருக்க குடும்பமும் உண்டு."

"அத்தன நாள் அருவியில என்ன பாப்பாங்கன்னு கேக்காரு."

"எவன் பாக்கான்? குளிச்சா பசிக்கும், சாப்பிடுவான். சாப்பிட்டா தூக்கம் வரும், தூங்குவான். முழிச்சா மறுபடி குளிப்பான். இதுக்கு நடுவுல எங்க ஊருக்குக் கெளம்ப?"

மேயர் அந்தச் சாவிப் பலகையைக் காட்டினார். இங்கே வருகிறவர்கள் கம்பியோரம் ஐந்து நிமிஷம் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த பஸ் எப்போது என்று கேட்பார்கள் என்றார். இன்றைக்கு மட்டும், என்னைப் பார்த்துக்கொண்டு நின்று பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு குடும்பங்கள் அறை எடுத்திருக்கின்றனவாம். சீசன் ஆரம்பித்ததிலிருந்து போன முதல் சாவிகள் அவை இரண்டும்தானாம். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார்.

சங்கரன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "நாளைக்குக் காலைல பஸ் வார நேரத்துக்கு இன்னொரு தடவ குளிக்க முடியுமான்னு கேக்காரு அத்தான்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று அவருடைய மூன்றாவது சாவி எங்களுக்குத்தான்.

சீசனுக்கு முன்னால் ஊர் திரும்பினேன். கமிட்டி கூடியது. தலைவர் அதற்குள் திருநெல்வேலியில் சொல்லிக் கம்பியையே செய்து இறக்கிவிட்டிருந்தார்; மில் வாசலில் துணி போட்டு மூடி வைத்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கம்பி வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் எழுதியதை எழுந்து நின்று வாசித்தேன். பிரான்சு தேசத்தில் அருவிக்குக் கம்பி போட்டிருப்பது உண்மை. நாமும் அவசியம் போட வேண்டும். ஆனால் பார்க்கிறவனுக்கு முன்னால் போட்டதால் அவர்கள் ஹோட்டல்களில் சாவிகள் சும்மா தொங்குகின்றன. நாம் அதை அருவிக்கு அடியிலேயே, குளிக்கிறவன் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்படி போடுவோம்.

கமிட்டியில் பாதிப் பேர் கடை வைத்திருக்கிறவர்கள். சாவி என்ற வார்த்தை நன்றாக வேலை செய்தது. தலைவர் மட்டும் சந்தேகத்தோடு, "அப்ப எண்ணெய்?" என்றார்.

"எண்ணெய் தேய்ச்சவன்தான் அண்ணாச்சி ரெண்டு தடவ குளிப்பான்" என்றேன். தீர்மானம் அதோடு விழுந்தது. பேப்பர்க்காரர்களிடம் பிரான்சு மாதிரியே கம்பி போடுகிறோம் என்று தலைவர் சொல்லிக்கொண்டார்.

முதல் சாரல் அன்று அருவிக்குப் போனேன். இசக்கிமுத்து பாறையில் துண்டை விரித்து என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். "அங்கன அருவியில எறங்கினீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தீர்மானத்தைப் பற்றியும், அவருக்குத் தெரியாமல் நான் அதைச் சுமந்துகொண்டு போனதைப் பற்றியும் சொல்லி, தப்புதான் என்றேன். முகம் பாறையைப் பார்த்துக் கிடந்ததால் சொல்ல முடிந்தது.

"தெரியும் அண்ணாச்சி" என்றார் அவர், கை நிற்காமல். "தீர்மானம் எழுதின அன்னைக்கே தெரியும். மில்லுல பேசினது எங்களுக்கு எட்டாம இருக்குமா? அதான் போத்தலக் கொண்டாந்து தந்தேன். ஒங்களுக்கு வாய்தான் மாறும், ஒடம்பு மாறாதுன்னு தெரியும்."

முதுகு மட்டும் அங்கே காய்ந்தே கிடந்தது, கை எட்டவில்லை என்று முனகினேன்.

"எப்படி எட்டும்?" என்றார் இசக்கிமுத்து. அன்றைக்கு என் முதுகில் விழுந்த அடிகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. வாங்கிக்கொண்டேன்.